ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம்

2025 செப்டம்பர் 8, திங்கள்

இன்று நான்கு வண்டிக்குச் சார்ஜிங் சாக்கெட் மாட்டினேன். நான்குமே சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள் வண்டி. முன்பெல்லாம் திருக்கழுக்குன்றத்தில் என் கடைக்கு ஹார்ன் வேலை வரும், இண்டிகேட்டர் வேலை வரும், மழை பெய்தால் செல்ஃப் எடுக்காத வண்டிகள் வரிசையாக நிற்கும். இப்போது யார் வந்தாலும் போனுக்குச் சார்ஜ் ஏற வேண்டும். பெட்ரோல் தீர்ந்தால்கூடச் சிரித்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போகிறார்கள். போன் செத்துவிட்டால் முகத்தில் ஈயாடுவதில்லை.

எல்லாருக்கும் டைரக்ட்தான் வேண்டும். சாவி போடாமலே சார்ஜ் ஏற வேண்டுமாம். ஓட்டல் வாசலில் அரை மணி நேரம் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருக்கும்போதும் ஏற வேண்டுமாம். சரி என்று பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துக் கொடுக்கிறேன். ஆனால் பேட்டரியை விட்டு ஒரு ஜாண் தூரத்துக்குள் ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் போடாமல் என் கடையை விட்டு ஒரு வண்டி வெளியே போகாது. எங்கேயாவது ஷார்ட் ஆனால் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிற மெல்லிய கம்பி முதலில் அறுந்துவிடும், கரண்டு நின்றுவிடும், வண்டி பிழைக்கும். அவ்வளவுதான் விஷயம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒருத்தன் ஃபியூஸே இல்லாமல் மாட்டித் தள்ளுகிறான். கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுண்ணா" என்கிறான். ஆகாதுதான், ஆகிற வரைக்கும்.

சாயங்காலம் தமிழ்வாணன் வந்தான். என்னோடு பத்தாவது வரை படித்தவன், பிற்பாடு என் தங்கை அன்பரசியைக் கட்டினவன். மாமல்லபுரத்து ஓட்டல்களில் சாப்பாடு வாங்கிக்கொண்டு ஈ.சி.ஆர். பங்களாக்களுக்கு ஓடுகிறான். "ரெண்டு மணிக்கெல்லாம் போன் செத்துடுது மச்சான். செத்தா ஆப்புலேந்து என்ன தூக்கிடறான்" என்றான். அவனுக்கும் ஒன்று மாட்டிவிட்டேன். காசு நீட்டினான். போடா என்றேன்.

செப்டம்பர் 13, சனி

மழை. இரண்டே வண்டி. ஜெயப்பிரியா கடைக்கே வந்து வடை கொடுத்துவிட்டுப் போனாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இது மூன்றாவது தடவை என்று சொன்னதற்கு முறைத்தாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கடை இல்லாத நாளென்று தமிழ் வீட்டுக்கே வண்டியைக் கொண்டுவந்தான், ஃபியூஸ் போய்விட்டது. சாக்கெட்டின் ரப்பர் மூடியை எங்கேயோ தொலைத்திருக்கிறான், மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கியிருக்கிறது. ஃபியூஸ் அதன் வேலையைச் செய்திருக்கிறது. புதுசு போட்டேன். மூடி வாங்கி மாட்டு என்றேன். "மாட்டறேன் மச்சான்" என்றான். மாட்ட மாட்டான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் இன்றைக்குத்தான் தன் வண்டியில் ஹார்ன் அடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்திருக்கிறது. நாஸ்தா பதினோரு மணிக்கு. மத்தியானச் சாப்பாடு இல்லை. ஜெயப்பிரியா மூன்று தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை.

நான்கு மணிக்குத் தமிழ். மறுபடி ஃபியூஸ் போய்விட்டது. டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை, காலையிலேயே தீர்ந்திருக்கிறது. செங்கல்பட்டுக்குப் போய் மாலிக் பாய் கடையில் வாங்கிவர நேரமில்லை. "இன்னிக்கும் நாளிக்கும் ஆர்டர் கொட்டும் மச்சான். எதுனா பண்ணு" என்றான். போன ஃபியூஸ் மேலேயே செம்புக் கம்பியைச் சுற்றி மாட்டிவிட்டேன், வீட்டில் ஃபியூஸ் கட்டைக்குக் கம்பி கட்டுகிற மாதிரி. பூஜை முடிந்ததும் வா, புதுசு போடுகிறேன் என்றேன்.

இரண்டு காலும் வீங்கியிருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

கடையைக் கழுவி, ஸ்பேனர் முதல் சால்டரிங் வரைக்கும் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து வடை பாயசத்தோடு சாப்பாடு. ஒரு மாதமாகக் கிடைக்காத ஓய்வு.

அன்பு போட்டோ அனுப்பியிருக்கிறாள். தமிழ் வண்டியைப் பளபளவென்று கழுவி, சாமந்தி மாலை போட்டு, ஹேண்டிலில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மீட்டர், லைட், கண்ணாடி ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம். சாக்கெட்டுக்கும் பெரியதாக ஒரு பொட்டு. "இது நீ மாட்டுனது ண்ணா, அதுக்கு ஸ்பெஷல்" என்று பேசி அனுப்பியிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் கீர்த்தனா பாவாடை சட்டையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஏழு வயசில் அதற்கு என்ன வாய். சிரித்தேன். தூங்கப் போகிறேன்.

அக்டோபர் 2, வியாழன்

தமிழுக்குத் தீக்காயம்.

நேற்று ஐந்து மணிக்கு. தேவனேரி தாண்டி ஈ.சி.ஆரில். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே காலுக்கு இடையில் புகை வந்திருக்கிறது. நிறுத்திவிட்டு இறங்கி ஓடியிருந்தால் ஒன்றுமில்லை. போன் ஹேண்டிலில் மாட்டியிருந்திருக்கிறது. போனை எடுக்கக் கை நீட்டியிருக்கிறான். டேங்குக்கு அடியில் பெட்ரோல் டியூப் எரிந்து குப்பென்று பிடித்துக்கொண்டது. இளநீர்க் கடைக்காரர் மணலை வாரி வாரிக் கொட்டினாராம். அவர்தான் அன்புக்குப் போன் செய்தது.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறான். வலது கை முழங்கை வரை. இடது கையில் விரல்கள். வலது தொடை. உயிருக்கு ஒன்றுமில்லை, வலது கையைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள்.

கம்பி.

வேறு எதுவும் எழுத வரவில்லை.

அக்டோபர் 4, சனி

வண்டியில் ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தேவனேரிக்குப் போனேன். பொய். எரிந்த வண்டியில் ஏது ஆர்.சி. புத்தகம்?

ரோட்டோரம் சாய்ந்து கிடந்தது. முன்பக்கம் சக்கரம், மட்கார்டு அப்படியே இருக்கிறது, வாழைக்கன்றின் நார் ஒன்றுகூடக் கருகாமல் தொங்குகிறது. நடுவில்தான் எல்லாம் போயிற்று. சீட்டின் இரும்பைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரி உருகியிருக்கிறது. ஃபியூஸ் கூட்டின் பிளாஸ்டிக் இல்லை. ஆனால் கண்ணாடிக் குழாய் இருந்தது, அதன்மேல் என் கம்பி. கறுத்திருந்தது, அறுபடவில்லை. சாக்கெட் ஒயர் எல்லாம் எரிந்து தீர்ந்த பிறகும் அது மட்டும் அறுபடவில்லை.

ஒரு இழை சுற்றியிருந்தால் அதுவும் உருகியிருக்கும். மூன்று இழை. மூன்றையும் முறுக்கித்தான் சுற்றினேன், இப்போது நன்றாக நினைவு வருகிறது. ஒற்றை இழை சுற்றும்போது அறுந்து அறுந்து போகிறது, கூட்டம் நிற்கிறது, எரிச்சல். மூன்றாக முறுக்கினால் ஒரே தடவையில் வேலை முடியும்.

அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது சங்கு தீர்த்தக் குளத்தில் எறிந்தேன்.

ஏன் எறிந்தேன்? யாரும் கேட்கவில்லையே. போலீஸ் கேட்கவில்லை, தமிழ் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னாலேயே ஒளிக்கிறவனுக்கு என்ன பேர்?

அக்டோபர் 7, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதிவிட வேண்டும்.

வார்டுக்கு வெளியே எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பூவாயி அத்தை, தமிழின் அம்மா, ஐந்து நாளாக அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தவர், திடீரென்று அன்பைப் பார்த்து ஆரம்பித்தார். "எல்லாம் இவளாலதான். வண்டிய கொளுப்பாட்டறேன்னு கொடம் கொடமா ஊத்தினா. சந்தனத்த கொழகொழன்னு கரைச்சு அந்த கரண்டு ஓட்டைல அப்பினா. நான் பாத்துகினுதான இருந்தேன். பூஜை போட்ட அன்னிக்கே வண்டி எரியுதுன்னா இவ கை இன்னா கை!"

அன்பு சண்டை போடுவாள் என்று நினைத்தேன். சின்ன வயசில் என் முதுகில் பல் பதியக் கடித்தவள். தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாண்ணா, நான்தான் வெச்சேன்" என்றாள். "எல்லாத்துக்கும் வெக்கறமே, அதுக்கும் வெப்போம்னு வெச்சேன். மூடி இல்ல, உள்ள போயிடுச்சு." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ண்ணா, உனக்குதான் தெரியும். நீ சொல்லு. சந்தனம் உள்ள போனா எரியுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கரண்டு விஷயத்தில் நான் சொன்னால் எங்கள் குடும்பத்தில் அதற்கு மேல் பேச்சில்லை.

"ஈரம் பட்டா ஷார்ட் ஆவும்" என்றேன்.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஈரம் பட்டால் ஷார்ட் ஆகும். ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போனால் ஒன்றும் ஆகாது. இந்த இரண்டையும் நான் சொல்லவில்லை.

அன்பு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பூவாயி அத்தை, "பாத்தியா, அவங்க அண்ணனே சொல்லிட்டான்" என்றார்.

அக்டோபர் 11, சனி

அந்தப் போட்டோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சாக்கெட்டில் பொட்டு வைத்ததை அன்று மத்தியானமே பார்த்தேனே. மூடி இல்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே கம்பி சுற்றியிருக்கிறது என்றும் தெரியும். ஒரு போன் செய்து, "அத தொடச்சு வுடு, வண்டிய எடுக்க வேணாம்"னு சொல்ல எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? பாயசம் குடிச்சிட்டுச் சிரிச்சேன். தூங்கினேன். நல்லா தூங்கினேன்.

அக்டோபர் 15, புதன்

பூஜைக்கு முந்தின நாள் அன்று ஒருத்தனுக்கா கம்பி சுற்றினேன்? யோசித்து யோசித்து ஐந்து பேர் நினைவுக்கு வந்தார்கள். ஒவ்வொருவரையும் தேடிப் போய் மாற்றிவிட்டு வந்தேன். கடைசி ஆள் முனிசாமி, படாளத்தில் பால் ஊற்றுகிறவர். அவர் மாட்டுக் கொட்டகையிலேயே வைத்து சீட்டைக் கழற்றினேன். "ஓடிகினுதான கீது, அதப்போய் நோண்டறியே" என்று சிரித்தார். காபி கொடுத்தார். கம்பியைப் பிரித்துவிட்டுப் புது ஃபியூஸ் மாட்டினேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்கள் வீட்டில் இல்லை.

காலையில் அன்பு கீர்த்தனாவை அழைத்துக்கொண்டு ஒரு பையோடு வந்து நின்றாள். "கொஞ்ச நாள் உங்க அண்ணன் வூட்ல இரு" என்று பூவாயி அத்தை சொல்லிவிட்டாராம். விளக்கேற்றப் போனவள் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாராம். இதைச் சொல்லும்போதுகூட அன்புக்குக் கோபம் வரவில்லை. "அவங்க சொல்றதும் நியாயம்தான அண்ணி" என்று ஜெயப்பிரியாவிடம் சொல்கிறாள்.

அக்டோபர் 24, வெள்ளி

ஜெயப்பிரியாதான் கவனித்துச் சொன்னாள். அன்பு சுவிட்ச் போடுவதில்லை. இருட்டினால் கீர்த்தனாவைக் கூப்பிட்டு, "பாப்பா, லைட்ட போடு" என்கிறாள். மிக்சி வேண்டுமென்றால் அம்மிக்குப் போகிறாள். வண்டி பக்கத்தில் போவதில்லை, என் வண்டியைத் தாண்ட வேண்டுமென்றால் புடவையை ஒதுக்கிக்கொண்டு தாண்டுகிறாள். கல்யாணத்துக்கு முன் என் டி.வி.எஸ். மொபெட்டில் செங்கல்பட்டு வரைக்கும் பறந்து போய்வந்தவள்.

"உங்க தங்கச்சிய ஒரு டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று கேட்டாள் ஜெயப்பிரியா. பார்க்கலாம் என்றேன். எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

மாலிக் பாய் கடையில் நூறு ஃபியூஸ் வாங்கினேன். அப்துல் மாலிக்கும் நானும் பதினைந்து வருஷப் பழக்கம். "இன்னா கேசவா, ஹோல்சேல்ல எறங்கிட்டியா?" என்று கேட்டார். என்னையும் அறியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், கடையில் ஆள் நிற்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

அவர் கல்லாவைச் சாத்தினார். "அன்னிக்கு ஒரு போன் பண்ணிருந்தா பஸ்ல போட்டு அனுப்பிருப்பனே" என்றார். பிறகு, "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?" என்றார். அவ்வளவுதான். அடுத்து வந்தவருக்கு செயின் ஸ்பிராக்கெட் எடுக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 6, வியாழன்

தமிழை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பூஞ்சேரியில் போய்ப் பார்த்தேன். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை, கட்டை விரல் உள்ளுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆக்ஸிலேட்டர் திருக அந்தக் கை இனி ஆகாது, எனக்கே தெரிகிறது. பூவாயி அத்தை கஞ்சி வைக்க உள்ளே போனார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தொண்டை வரை வந்துவிட்டது.

"மச்சான், அன்னிக்கு நான் மாட்டுனது" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றான்.

தெரியும். அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். பக்கத்தில் நின்று கம்பி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தான், நானே அதை மறந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்றே எல்லாம் புரிந்துவிட்டதாம்.

"அப்புறம் ஏன்டா சொல்லல? அவள அத்த இன்னா பேச்சு பேசுச்சு" என்றேன்.

வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். மெதுவாகச் சொன்னான். "சொன்னா அம்மா உன்ன இந்த வாசப்படி மிதிக்க வுடுமா? இந்த கைய வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்? நீதான் ஏதோ காசு குடுத்து பாத்துகினு கீற. அன்பு எங்க போயிடப் போறா, கொஞ்ச நாள்ல அம்மாக்கு கோவம் தணிஞ்சிடும், கூட்டியாந்துடலாம். அவகிட்ட மட்டும் சொல்லிடாத மச்சான்."

சரி என்று சொன்னேனா? சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது நெஞ்சு லேசாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு மாசமாக நான் ஒருவன்தான் அயோக்கியன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இன்று துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது, அதில் எனக்கு ஒரு ஆறுதல். தூ.

நவம்பர் 15, சனி

மழை. கடை திறக்கவில்லை. ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 22, சனி

பூவாயி அத்தையே வந்தார். அன்பைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். கார்த்திகை கிருத்திகைக்குத் திருப்போரூர் முருகன் கோயிலில் அன்பு மொட்டை போட்டுக்கொள்ள வேண்டும். தோஷம் கழிந்துவிடும், அப்புறம் வீட்டுக்கு வரலாம்.

ஜெயப்பிரியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எரிஞ்சது வண்டி, மொட்டை இவளுக்கா?" என்றாள். அன்பு அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். "நானே வேண்டிகினேன் அண்ணி. அவரு கை சரியாவணும்."

எனக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. சொல்லிவிடுவேன்.

நவம்பர் 27, வியாழன்

சொல்லவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வெயிலில் முடியை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இன்னாண்ணா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். கீர்த்தனா சீப்பை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பின்னல் போட ஆரம்பித்தது. எழுந்து கடைக்குப் போய்விட்டேன். கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

டிசம்பர் 3, புதன்

வேன் பிடித்துப் போனோம். தமிழும் வந்தான். வழியெல்லாம் நானும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கிருத்திகைக் கூட்டம். மொட்டை போடும் இடத்தில் அன்பு சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் தெளித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். கீர்த்தனா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "மாமா, அம்மாவுக்கு வலிக்குமா?" என்று கேட்டது.

அப்போதும் சொல்லியிருக்கலாம். கத்தி தலையில் படும் வரை நேரம் இருந்தது.

தலைக்குச் சந்தனம் பூசினார்கள். பூவாயி அத்தை தன் கையாலேயே பூசினார், நாளைக்கு நல்ல நாள், வந்து அழைத்துப்போகிறேன் என்றார். அன்பு இரண்டு மாசத்துக்குப் பிறகு சிரித்தாள்.

டிசம்பர் 4, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசல்படியில் நின்றுகொண்டே சொன்னேன். ஃபியூஸ் இல்லை, கம்பி சுற்றினேன், மூன்று இழை, ஃபியூஸ் இருந்திருந்தால் நீ குடம் தண்ணீர் ஊற்றியிருந்தாலும் வண்டி எரிந்திருக்காது, உன்மேல் ஒரு தப்பும் இல்லை. குளத்தில் எறிந்ததையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் பாதியை விழுங்கியதையும் சொன்னேன்.

அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தமிழுக்குத் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. இனி ஒளிப்பதில்லை.

"தெரியும்."

அவள் கை தானாகத் தலைக்குப் போயிற்று. தடவிக்கொண்டே இருந்தாள். அழுவாள், அடிப்பாள், முன்பு மாதிரி கடிப்பாள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"நேத்து சொல்லிருக்கலாம்ல ண்ணா" என்றாள்.

பையில் அடுக்கிய துணியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பூவாயி அத்தை பத்து மணிக்கு ஆட்டோவில் வந்தபோது, "நான் வரல. ஏன்னு உங்க புள்ளைய கேளுங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினாள். சத்தம் போடக்கூட இல்லை.

டிசம்பர் 6, சனி

பூவாயி அத்தை கடை வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினார். என் கையும் அவர் பிள்ளை கை மாதிரி ஆகிவிட வேண்டும் என்றார். டீக்கடை, பழக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, எல்லாரும் பார்த்தார்கள். தலையிலும் சட்டையிலும் மண். தட்டிவிடவில்லை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அன்பைப் பேசியதற்கு அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

அன்பு போய்விட்டாள். மாமல்லபுரத்தில் கூடப் படித்த சுஜாதா வீட்டு மாடியில் ஒரு அறையாம். தமிழிடமும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கீர்த்தனாவை அப்பாவிடம் அனுப்புகிறாளாம். எல்லாம் ஜெயப்பிரியா சொல்லித்தான் தெரியும். அவளும் நான் கேட்டால்தான் சொல்கிறாள். "எங்கிட்டகூட சொல்லலயே நீங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு சாப்பாடு மட்டும் எடுத்து வைக்கிறாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

சாக்கெட் வேலை எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இன்று ஒருவர் கெஞ்சினார். மாட்டினேன். ஃபியூஸ் போட்டுவிட்டு இரண்டு தடவை கழற்றிப் பார்த்தேன். மூன்றாவது தடவை சீட்டைத் திறந்தபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது.

2026 ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அன்புக்குச் சீர் எடுத்துக்கொண்டு போனேன். கதவு பூட்டியிருந்தது. சுஜாதா கீழேயிருந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு டூட்டில கீறா. விசேஷ நாள்ல ஆர்டர் ஜாஸ்தியாம்" என்றாள். எனக்குப் புரியவில்லை. "டெலிவரிதான் பண்றா, தெரியாதா உங்களுக்கு? ஒரு மாசம் ஆவப் போவுது" என்றாள்.

பானையையும் அரிசியையும் சுஜாதாவிடமே வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 24, சனி

இன்று பார்த்தேன்.

மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலுக்கு ஜெனரேட்டர் பேட்டரி பார்க்கப் போயிருந்தேன். வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் டெலிவரி வண்டிகள் நிற்கிற வரிசையில் அன்பு. பழைய மொபெட் ஒன்று, யாரிடம் வாங்கினாளோ. முதுகில் பெரிய பை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். முடி ஒரு விரல்கடை வளர்ந்து குச்சி குச்சியாக நிற்கிறது. கறுத்திருக்கிறாள்.

போவதா வேண்டாமா என்று நிற்கும்போதே பார்த்துவிட்டாள். "சாப்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். கீர்த்தனா எப்படி இருக்கிறது என்றேன். நன்றாகப் படிக்கிறது என்றாள்.

ஹேண்டிலில் போன். போனிலிருந்து ஒயர் போகிறது. சாக்கெட் புதுசு, கறுப்பு, மூடி போட்டது. ஒயரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தேன், டேப் ஒழுங்காகச் சுற்றவில்லை, சீட்டுக்கு அடியில் நேராகப் போய் மறைந்துவிட்டது. வண்டியில் சாவி இல்லை, போனில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. டைரக்ட்.

"ஃபியூஸ் போட்டாங்களா அன்பு?"

"தெரியல."

"எந்தக் கடை?"

ஹெல்மெட்டின் வாரைச் சரி செய்தாள். என் பையில் டெஸ்டர் இருக்கிறது, ஸ்பேனர் இருக்கிறது, இருபது ஃபியூஸ் இருக்கிறது. இரண்டு நிமிஷ வேலை. "சீட்ட மட்டும் தெறந்து காட்டு, பாத்துட்டு மூடிடறேன்" என்று சொல்லிக்கொண்டே குனிந்தேன்.

அவள் கையை சீட்டின்மேல் வைத்தாள்.

"நீ தொடாத ண்ணா."

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் இருக்கிற பாத்திரத்தைத் தொடப் போகிற குழந்தையிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் நிமிர்ந்தேன். அதற்குள் போன் அடித்தது, உள்ளே போய்ப் பொட்டலத்தை வாங்கி வந்து பையில் வைத்தாள், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள், கிளம்பிவிட்டாள்.

ஈ.சி.ஆரில் கோவளம் பக்கம் திரும்பினாள். தெரிகிற வரைக்கும் அந்த சீட்டுக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.